படிகாரத் தண்ணீர்

என்னைப் போன்ற ஒருத்தி எழுதலாமா என்று வெகுநாள் தயங்கினேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் எதிரே பேசச் சொன்னால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். எழுதப்போகிற ஆளோ பாலியல் தொழில் செய்தவர். கௌரவமான வீடுகளில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். எழுத்தில் குறை இருந்தாலும், எழுதியதே குறை என்று தோன்றினாலும், படிக்கிறவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு இரண்டு பெயர்கள். தொழிலுக்கு ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. இரண்டையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் "சுத்தக்கார அக்கா" என்போம். முதலில் அது கிண்டலாகத்தான் இருந்தது. போகப் போக அதுவே பெயராகிவிட்டது.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கழிப்பறையும் சேர்ந்த கட்டணக் குளியலறை ஒன்று இருந்தது. இப்போது இடித்துவிட்டார்கள். அதில் பெண்கள் பகுதிக்கு நான் காவல். கதவோரம் ஒரு மேசை, மேசைமேல் சில்லறை டப்பா, தலைக்கு மேலே கயிற்றில் தொங்கும் ஷாம்புச் சரங்கள். பௌர்ணமி வந்தால் மலை சுற்ற வந்தவர்கள் வரிசையில் நின்று சண்டை போடுவார்கள். மற்ற நாட்களில் பயணிகள், பூ விற்கிறவர்கள், அப்புறம் அக்காவும் அவரைப் போன்றவர்களும்.

அக்கா கடைசி அறைக்குத்தான் போவார். அதில் ஆள் இருந்தால் வெளியே நிற்பார். உள்ளே போனதும் குளித்துவிட மாட்டார். முதலில் குழாயைக் கழுவுவார், பிறகு வாளியை, பிறகு கதவுத் தாழ்ப்பாளை. தாழ்ப்பாளைக் கழுவுகிற ஒரு ஆளை அவருக்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கள் பிளாஸ்டிக் மக்கைத் தொடமாட்டார், சொந்தச் சொம்பு கொண்டுவருவார். டீக்கடையிலும் அவருக்குச் சொந்த டம்ளர். லாட்ஜுக்குப் போனால் பையில் சொந்தப் போர்வை. "அவனுங்க போட்ட துணிமேல நான் படுக்கணுமா?" என்பார். அந்தப் போர்வையைத் துவைத்து எங்கள் மாடியில்தான் காயப்போடுவார். காற்றில் வேறு துணி வந்து அதன்மேல் பட்டால் மறுபடியும் துவைப்பார்.

ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் குளிக்க வருவார். கோடையில் எனக்குப் பயமாக இருக்கும். "அக்கா, தொட்டி காலியாவுது" என்று மெதுவாகச் சொல்வேன்.

"காலியானா நெரப்பு தங்கச்சி. இந்த அழுக்க நானா சேத்து வச்சேன்?"

போய் மோட்டாரைப் போடுவேன்.

எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கதை சொல்வார். ஒருத்தியிடம் புருஷன் செத்துப்போனான் என்பார். இன்னொருத்தியிடம் புருஷன் ஓடிப்போனான் என்பார். "ரெண்டுல எது நெசம்க்கா?" என்று பூக்காரப் பெண் ஒருத்தி விடாமல் கேட்டாள். "அவன் இருந்தாத்தானேடி நெசம்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாளைக் கழுவ ஆரம்பித்தார்.

அவருடைய சோப்புப் பெட்டியில் சோப்போடு ஒரு படிகாரக் கட்டியும் இருக்கும். சலூனில் சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்ப்பார்களே, அதுதான். ஓரமெல்லாம் தேய்ந்து கண்ணாடிக் கல் மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அதைச் சொம்புத் தண்ணீரில் கரைத்து உடம்புக்கு உள்ளே கழுவுவார். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எதுவும் எழுதியதாகாது. படிகாரத் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிடும், எந்த நோயையும் அண்டவிடாது என்று நம்பினார். சாமி கும்பிடுகிற மாதிரி நாள் தவறாமல் செய்தார். வெளியே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்.

"எரியுதாக்கா?"

"எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம்."

படிகாரம் வாங்குவது நாட்டு மருந்துக் கடை பாயிடம். ஒருமுறை நானும் கூடப் போனேன். பாய் வயதானவர், எடை போட்டுக்கொண்டே கேட்டார். "ஏம்மா, சலூன்காரங்ககூட இவ்ளோ ஜாஸ்தியா வாங்க மாட்டாங்க. நீ இன்னா, சலூன் கிலூன் வச்சிருக்கியா?"

"ஆமா பாய். ஊர்ல பாதி ஆம்பளைங்களுக்கு நான்தான் மொட்ட அடிக்கிறேன்."

பாய்க்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு சின்னத் துண்டைக் கூடப் போட்டார். நான் அதற்குள் கடையை விட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

அக்காவின் அன்பும் படிகாரமாகத்தான் வெளிவரும். புதிதாக வந்த ஒரு பெண், சிறுநீர் போகும்போது எரிகிறது என்று என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அக்கா தன் கட்டியைத் துவைக்கிற கல்லில் வைத்து உடைத்துப் பாதியை அவள் கையில் கொடுத்தார். தலையைத் தடவி, கரைக்கிற பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். நாலைந்து நாளில் நடக்க முடியாமல் காலை அகட்டி வைத்து வந்தாள். அவளை டாக்டரிடம் அழைத்துப்போனது பைக்காரப் பெண்.

பைக்காரப் பெண் என்று நாங்கள் சொன்னது, ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறவளை. தோளில் பெரிய பையோடு காலையிலிருந்து லாட்ஜ் லாட்ஜாக, தெருத் தெருவாக நடந்துவிட்டு, எங்களிடம் வரும்போது முகமெல்லாம் கறுத்திருக்கும். ஆணுறைகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து என் மேசைக்கடியில் வைப்பாள். பெண்கள் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளப் பயப்படுவார்கள். போலீஸ் பையைத் திறந்தால் அதுவே சாட்சியாகிவிடும். அதனால் வேண்டும்போது என்னிடம் வந்து எடுத்துக்கொள்வார்கள். நான் பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருப்பேன். யாராவது "அது குடு" என்றால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பெட்டியைக் காலால் தள்ளுவேன்.

ஒருநாள் துண்டு விலகியிருந்தது. மலை சுற்ற வந்த வெளியூர் அம்மா ஒருவர் குனிந்து ஒரு சரத்தையே உருவி எடுத்துவிட்டார். "இந்த ஷாம்பு எவ்ளோம்மா? மேல தொங்கறத விட நல்லா நுரைக்குமா?"

ஈரத்தலையோடு வந்த அக்கா சரத்தைப் பக்குவமாக அவரிடமிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டார். "இது கவர்மெண்டு ஷாம்பும்மா. ஆம்பளைங்களுக்கு மட்டும்தான்."

"எது குடுத்தாலும் அவங்களுக்குத்தான் குடுக்கறாங்க" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டு போனார். அன்று நான் சிரித்த சிரிப்பில் சில்லறை டப்பா கீழே விழுந்தது.

அந்தப் பெட்டி விஷயத்தில் அக்கா கறார். உறை இல்லாமல் ஒருத்தனையும் கிட்டே விடமாட்டார். காசு கூடத் தருகிறேன் என்று கெஞ்சினாலும் சரி, குடித்துவிட்டு மிரட்டினாலும் சரி. ஒருமுறை ஒருத்தன் அவர் கன்னத்தில் அறைந்துவிட, வீங்கிய முகத்தோடு வந்தார். அப்போதும் "அவன் நகத்தப் பாத்தியா தங்கச்சி, அதுக்குள்ள ஒரு கொல்ல மண்ணு" என்றுதான் சொன்னார். இதற்காகப் பைக்காரப் பெண் அவரை எல்லோரிடமும் புகழ்வாள். கழுவுகிற விஷயத்தில்தான் இருவருக்கும் ஓயாத சண்டை.

"அதான் ஒற போடறீங்களேக்கா, அப்பறம் இன்னாத்துக்குப் படிகாரம்? வெளியில சும்மா தண்ணி ஊத்திக்கினா போதும்."

"ஒறைக்கு அழுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"உள்ள தோலு தேஞ்சு புண்ணாவுதுக்கா. புண்ணான எடத்துலதான் நோய் சுலுவா ஒட்டும்."

"காலையிலருந்து வேர்வையோட சுத்திக்கினு இருக்கற, நீ வந்து எனக்குச் சுத்தம் சொல்லித் தர்ற. போய் முதல்ல குளி. காசு நான் குடுக்கறேன்."

பைக்காரப் பெண் என் ஸ்டூலில் உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். "இவங்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேஞ்சுபோச்சு" என்பாள் என்னிடம்.

ஒரே ஒருத்தரிடம் மட்டும் அக்காவுக்கு அந்தக் கறார் கிடையாது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றிவரும் மினி வேன்காரர் அவர். எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம். "எங்க வீட்டுக்காரரு" என்றுதான் அக்கா சொல்வார். தாலி கிடையாது. வேன்காரருக்கு ஊரில் மனைவி உண்டு. அதை அக்கா மறைத்ததும் இல்லை. சந்து முனையில் வேன் வந்து நின்றால் பூக்காரப் பெண்கள், "சுத்தக்காரக்கா, ஒன் டீசல் வாசன வருது!" என்று கத்துவார்கள். அக்கா பாதி துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். வேன்காரர் கொண்டுவரும் பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்து எங்கள் எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுப்பார். "எங்க கொல்லையில வெளஞ்சது, தின்னுங்க." எந்தக் கொல்லை என்று யாரும் கேட்க மாட்டோம்.

வேன்காரர் சுத்தமான மனிதர்தான். மூட்டை ஏற்றுகிற வேலையிலும் வெள்ளைச் சட்டை போடுவார். "ரெண்டு வேளையும் குளிக்கிற மனுஷன்" என்று அக்கா பெருமையாகச் சொல்வார். அவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் என் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியின் பக்கம் வரமாட்டார். பைக்காரப் பெண் அதையும் கேட்டாள்.

"வீட்டுக்காரருக்கு யாராச்சும் ஒற குடுப்பாங்களா? நீ ஒன் வீட்டுக்காரருக்குக் குடுக்கறியா, சொல்லு பாப்போம்."

பைக்காரப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். பேச்சு அதோடு நின்றுபோனது.

பௌர்ணமியன்று அக்கா வேலைக்குப் போகமாட்டார். மற்றவர்களுக்கு அன்றுதான் வரும்படி. ஊர் நிறைய ஆள், லாட்ஜ் நிறைய ஆள். அக்காவோ காலையிலேயே தலைக்குக் குளித்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, வகிட்டில் குங்குமம் வைத்து, செருப்பில்லாமல் மலை சுற்றக் கிளம்பிவிடுவார். வழியில் அடி அண்ணாமலையில் என் வீடு. என் மகள் மோர் கொடுப்பாள், அக்காவின் சொந்த டம்ளரில். "இன்னிக்கு ஒரு நாளு நான் பொண்டாட்டி, தங்கச்சி. நாளைக்குத்தான் அந்தப் பொழப்பு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எந்த நாளிலும் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு எல்லோரையும் அழைத்துப்போன ஒரு சமயம், அக்காவுக்கு நோய் இருப்பது தெரிந்தது. பெரியவர்கள் கிரந்தி என்பார்களே, அது. பைக்காரப் பெண் சிபிலிஸ் என்றாள். வலி இல்லை, எரிச்சல் இல்லை, அதனால் அக்கா நம்பவில்லை. "வேற யாரு ரத்தமோ மாறிப்போச்சு" என்றார். ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். வேன்காரரையும் கூட்டிவரச் சொன்னபோது, "அவரு எதுக்கு? நான் வேல பாக்கற எடத்துல வந்தது, என்னோட போச்சு" என்று முடித்துவிட்டார்.

சில மாதங்கள் போயிருக்கும். சொம்பை என் மேசைமேல் வைத்தபோது அக்காவின் உள்ளங்கையைப் பார்த்தேன். செம்புக் காசு ஒட்டிய மாதிரி புள்ளிகள்.

"இன்னாக்கா கையில?"

"பீட்ரூட் அரிஞ்சேன்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும். படிகாரத்தை வைத்துத் தேய்த்திருக்கிறார். புள்ளிகளுக்கு நடுவே தோல்தான் வெளுத்து உரிந்ததே தவிர, புள்ளி ஒன்றும் போகவில்லை. பைக்காரப் பெண் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தாள். அதே நோய். அன்று மத்தியானம் அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"ஒன் கக்கூஸ்லருந்துதான்டி எனக்கு வந்துது! நான் இவ்ளோ சுத்தமா இருக்கறேன், எனக்கு வேற எங்கருந்து வரும்? காச வாங்கி டப்பாவுல போட்டுக்கத் தெரியுது, கழுவத் தெரியல?"

குளிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். "கக்கூஸ்லருந்து இது வராதுக்கா, சத்தியமா வராது" என்று பைக்காரப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா கேட்கவில்லை. அதுவரை அவர் என்னை "டி" போட்டுக் கூப்பிட்டதில்லை.

அதன்பிறகு தினமும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். அங்கிருந்து வராது என்று தெரிந்தும், கை வெந்துபோகிற மாதிரி தேய்த்தேன். அக்கா வந்தார், போனார். என்னோடு பேசவில்லை. தாழ்ப்பாளை மட்டும் முன்னைவிட அதிகமாகக் கழுவினார்.

"எங்கருந்து வந்துதுன்னு அவங்களுக்குத் தெரியும். மனசு ஒத்துக்கல" என்றாள் பைக்காரப் பெண். "அந்த ஆளும் ஊசி போட்டுக்கினாத்தான் ஆவும். இல்லன்னா இவங்களுக்கு எவ்ளோ போட்டாலும் திரும்ப வந்துக்கினே இருக்கும். அப்பிடியே வுட்டா கண்ணுக்குப் போவும், மூளைக்குப் போவும். டாக்டர் என்னத் திட்டறாரு."

கொஞ்ச நாள் அக்கா, தொண்டு நிறுவனத்துக்கு டாக்டர் வருகிற நாளாகப் பார்த்து வராமல் இருந்தார். பிறகு ஒருநாள் அவராகவே பைக்காரப் பெண்ணிடம் சொன்னார். "அவர நானே கூட்டிக்கினு வரேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே போட்டுக்கறோம். ஆனா நீ அவருகிட்ட ஒண்ணும் பேசாத. அவரு மனசு நோவும்."

அது மாசிப் பௌர்ணமிக்கு முதல் நாள். டாக்டர் மூன்று மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா பௌர்ணமிக்குக் கட்டுகிற புடவையை அன்றே கட்டிக்கொண்டு வந்து சந்து முனையில் நின்றார். வேன் வந்தது. வெயிலாக இருந்ததால் வேன்காரரை எங்கள் சுவரோர நிழலுக்கு அழைத்துவந்தார். நான் கதவுக்கு உள்பக்கம் மேசையில் இருந்தேன். எழுந்து போகவும் கூச்சமாக இருந்தது, அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

"ஒரு ஊசிதாங்க. ரெண்டு நிமிஷ வேல. டாக்டரு நல்ல மனுஷன், துருவித் துருவிக் கேக்க மாட்டாரு."

"இன்னா ஊசி?"

அக்கா சொன்னார். தப்பெல்லாம் தன்னுடையது மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்குத்தான் வந்துருக்குது. ஒங்களுக்கு இருக்காது. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்."

வேன்காரர் சிரித்தார். "அட, அதுவா? அத எப்பவோ போட்டாச்சு."

"எப்ப?"

"ஐப்பசி மழையிலயே. வீட்ல அவளுக்குக் கரு தங்காம போச்சு இல்ல, அப்ப ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் ஊசி. இடுப்பு கழண்டுபோச்சு போ, ரெண்டு நாளு வண்டியில உக்கார முடியல."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எங்கிட்ட சொல்லலியே."

"ஒனக்கு இன்னாத்துக்கு? ஒனக்குத்தான் இங்க மாசா மாசம் ஓசியில பாக்கறாங்களே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கும் ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்து என் வாசல்படியில் வைத்திருந்தார்.

அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்தப் பெட்டிய எடு."

பல நாள் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நான் காலால் தள்ளவில்லை. துண்டை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கையில் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஒரு சரத்தைக் கிழித்து வேன்காரரின் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தார்.

"இனிமே வந்தா இதோட வாங்க."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோபத்தை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். "எனக்கே குடுக்கறியா?" என்று ஒரு வார்த்தை. வேன்காரர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றார். லாட்ஜ் வாசலில் மற்ற ஆண்கள் அக்காவிடம் சொல்கிற அதே "சரி". பிறகு, "மூட்ட எறக்கணும், வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் மறுபடியும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று பைக்காரப் பெண் பிறகு சொன்னாள். போட்டுக்கொண்டாரா, தெரியாது.

அக்கா தனியாகத்தான் டாக்டரிடம் போனார். திரும்பி வரும்போது ஒரு பக்கம் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்தார். என் ஸ்டூலைத் துடைக்காமலே அதில் உட்கார்ந்தார். குளிக்கவில்லை. மல்லாட்டைப் பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அதை யாரும் பிரிக்கவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்குகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.

"தங்கச்சி."

"இன்னாக்கா?"

"ஒன் கக்கூஸு சுத்தமாத்தான் இருக்குது."

"அத வுடுங்கக்கா."

அக்கா அதன்பிறகு எங்கள் ஊரில் அதிக நாள் இல்லை. ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போனதாக ஒருத்தி சொன்னாள். வேலூரில் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்ததாக இன்னொருத்தி சொன்னாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அடுத்த நாள் வரைக்கும்தான்.

மறுநாள் பௌர்ணமி. அக்கா காலையில் வந்து குளித்தார். மஞ்சள் பூசவில்லை, குங்குமம் வைக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சரத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, லாட்ஜுகள் இருக்கிற பக்கம் நடந்தார். அன்று கூட்டம் அதிகம். நான் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்தேன்.